வெள்ளிக்கிழமை லொறிக்கு ஒரு கார்ட்

அலவத்துகொட
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் ஷஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உம்மாவும் நல்ல சுகம். அந்த மெல்பேர்ன் குளிரில் தடிமன், காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். போனில் சொல்லக்கூடியதை வாப்பா ஏன் கடிதமாக எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் உனக்கும் எனக்கும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் பேச்சு நகராதே மகள், அது உனக்கே தெரியும். பக்கத்து வீட்டு பஸ்லினா புதன்கிழமை அங்கே புருஷனிடம் வருகிறாள், அவள் கையில் உம்மாவின் கறித்தூளும் இந்தக் கடிதமும் வருகின்றன. இங்கே பத்து நாளாக விடாத மழை. மிளகு காயவில்லை என்று உம்மா ஹோல் முழுக்கப் பேப்பர் விரித்துப் பரப்பியிருக்கிறாள், நான் ஊன்றுகோலோடு போய் அதில் மிதித்துவிட்டேன். ஒரு கால்தானே ஈக்கு, அதையும் பாத்து வெக்கத் தெரியாதா என்று ஏசினாள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸே மெச்சினார். இதை உம்மாவிடமும் விசாரித்துப் பார், நான் பொய் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் மட்டும்.

கொம்பியூட்டருக்குக் கார்ட் வாங்கிப் பூட்டியாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். நீ அனுப்பிய லிஸ்டில் மேலே இருந்ததை எடுக்கவில்லை, நடுவில் இருந்ததை எடுத்தேன். கோபிக்காதே, காரணம் சொல்கிறேன். கொம்பியூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உம்மாவையும் கூட்டிக்கொண்டு த்ரீவீலில் அக்குறணைக்குப் போனேன், ஸிபானின் கடைக்கு. உன்னோடு படித்த ஸிபான்தான், இப்போது தாடியும் தொந்தியுமாக இருக்கிறான், வாயில் மட்டும் அதே சிரிப்பு. படம் கீறுகிற கார்ட் ஒன்று வேணும் தம்பி, பழையது எரிந்துவிட்டது என்றேன். மூன்றை எடுத்து மேசையில் வைத்தான். முதலாவது நீ சொன்ன பெரியது, மூன்று காற்றாடி, செங்கல் நீளம். ஆசையாகத்தான் இருந்தது. ஸிபான் டேப்பை எடுத்து அளந்துவிட்டு, மாமா இது ஒங்கட பெட்டிக்குள்ள போகாது, போனாலும் பவர் சப்ளை தாங்காது, எல்லாத்தையும் மாத்தணும் என்றான். சின்ன லொறியில் பத்துச் சில்லு லொறியின் எஞ்சினைத் தூக்கி வைத்தால் சேசிஸ் என்ன பாடுபடும்? இரண்டாவது பாவித்தது, பார்க்கப் பளபளவென்று இருந்தது. எங்கோ வெளிநாட்டில் அந்த இன்டர்நெட் கொயின் உண்டாக்குகிற வேலைக்கு இரவு பகலாக ஓடவிட்டுத் துடைத்து அனுப்பியது என்று ஸிபானே உண்மையைச் சொன்னான். டயருக்குக் கறுப்புப் பூசி விற்கிற லொறிகளை நான் எத்தனை கண்டிருப்பேன், கையாலும் தொடவில்லை. மூன்றாவது இரண்டு காற்றாடி, எட்டு ஜீபி, இருக்கிற பவர் சப்ளையே போதும், மூன்று வருட வொரன்ட்டி. பெரிய ஸ்கிரீன் வாங்கினால்தான் எட்டு போதாமல் வரும், ஒங்கட ஸ்கிரீனுக்கு இது தாராளம் என்றான். நான் ஸ்பீடைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். உம்மா சோறாக்கிற குக்கர் வாங்குகிறவள் மாதிரி, இது எவ்வளவு கரண்ட் இழுக்கும், எவ்வளவு சூடாகும் என்று இரண்டே கேள்வி கேட்டாள். மாமி, இதத்தான் எல்லாரும் முதல்ல கேக்கணும், ஒருத்தரும் கேக்கிறல்ல என்று அவன் சிரித்தான். அதோடு முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பூட்டி, நம் லொறி கேமில் தனியே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முன்பு ரோடு கஞ்சி போலத் தெரியும், இப்போது எதிரே வருகிற லொறியின் நம்பரைக்கூட வாசிக்கலாம். மழை பெய்தது மகள், கண்ணாடியில் துளித் துளியாக விழுந்து வழிந்தது, வைப்பரைப் போட்டேன், துடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம். இரண்டு வருடத்துக்கு முன் இடது காலை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன். கிளட்ச் மிதிக்கிற கால் போனால் டிரைவர் எதற்கு? லைசனை அலுமாரியில் உடுப்புக்கு அடியில் ஒளித்துவிட்டேன். நீ லீவில் வந்தாய், எழும்புங்க வாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேசையைக் கட்டில் பக்கம் இழுத்தாய், ஸ்டியரிங்கைப் பூட்டினாய், வலது காலுக்கு இரண்டு பெடலை வைத்தாய். இதில் கிளட்ச் இல்லை என்று மட்டும் சொன்னாய். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும், அங்கே உனக்குப் பொழுது சாயும் நேரம், நீ ஒரு லொறியிலும் நான் ஒரு லொறியிலும் காணாத தேசத்து ரோடுகளில் ஓடுகிறோம். ஒவ்வொரு வளைவிலும் நான் பலகடுவ மலை வளைவில் அடிக்கிற மாதிரி ஹோன் அடிப்பேன், வாப்பா இது ஜெர்மனி, இங்க ஹோன் அடிக்கிறல்ல என்று நீ காதுக்குள் கத்துவாய். ரோடு நீளமானால் மெல்ல மெல்ல உன் மனதில் உள்ளதெல்லாம் வெளியே வரும். வீட்டில் இருந்த இருபத்து நான்கு வருடத்தில் நீ என்னோடு அவ்வளவு பேசியதில்லை, நான்தான் எப்போதும் தம்புள்ள ரோட்டில் மரக்கறி லோட்டோடு இருந்தேனே. இதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல்தான் இவ்வளவு நாளும் சும்மா இருந்தேன். ஜஸாக்கல்லாஹு கைரா மகள். அல்லாஹ் உனக்கு நிறைவாகத் தரட்டும்.

இனி, கடையில் நடந்த ஒன்றை மேலே எழுதாமல் தாண்டிவிட்டேன், பேனை போகவில்லை. பழைய கார்ட் எப்படி எரிந்தது என்று நீ கேட்டபோது, கரண்ட் போய் வந்ததில் அடித்துவிட்டது என்றேன். அது பொய். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மா கொம்பியூட்டர் பெட்டிக்கு மெரூன் வெல்வெட்டில் உறை தைத்தாள், ஓரத்தில் தங்க லேஸ், முன்னால் பட்டனுக்கு மட்டும் சின்ன ஓட்டை. டீவிக்கு, ஃபிரிஜ்ஜுக்கு, தையல் மெஷினுக்கு எல்லாம் தைத்தவள் அதை மட்டும் விடுவாளா? தூசி படக் கூடாதாம், மகள் வாங்கித் தந்ததாம். விளையாடும்போது கழற்றினால் அவள் முகம் வாடும் என்று நான் மூடியபடியே ஓட்டினேன். ரேடியேட்டரை மூடிக்கொண்டு பலகடுவ ஏறினால் எஞ்சினுக்கு என்னாகும் என்று இருபத்தெட்டு வருடம் ஓட்டியவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஓட்டினேன். உன்னிடம் உண்மையைச் சொன்னால் அவள் காதுக்குப் போகும் என்று கரண்ட் மேல் பழியைப் போட்டேன். கடையில் ஸிபான் பெட்டியைத் திறந்து காற்றாடிக்குள் இருந்து மெரூன் நூலை இழுத்தெடுத்து, இதுக்கு மேல ஏதும் போத்தி வெச்சீந்தீங்களா மாமா என்றான். நான் இல்லை என்றேன், உம்மா பக்கத்தில் நிற்கும்போதே. அவள் ஒரு நொடி நூலைப் பார்த்தாள், நான்தான் உறை தச்சன் தம்பி, அதாலயா போச்சு என்று கேட்டாள். அவ்வளவுதான். அழவில்லை, சாட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும்போது த்ரீவீலில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. அப்போதுதான் அவள், அன்டைக்கு ஷஹ்மா எனக்குக் கோல் எடுத்து வீட்டுல கரண்ட் போச்சா உம்மான்னு கேட்டாள், போகல்லன்னு சொன்னனே என்றாள். கார்ட் எரிந்த அன்றைக்கு நாம் ஓடிக்கொண்டிருந்தபோது நீ வேகத்தைக் குறைத்து, வாப்பா ஒங்களுக்கு ஒன்டு செல்லணும், என்ட வேலை என்று தொடங்கினாய். அந்த இடத்தில் ஸ்கிரீன் கறுத்தது, உன் குரலும் போனது. சத்தியமாக அதற்கு மேல் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. நீ சொல்லி முடித்திருப்பாய், பதில் வராமல் இருந்திருப்பாய். பிறகு நான் கரண்ட் என்றேன், உம்மா கரண்ட் போகவே இல்லை என்றாள். வாப்பா கோபத்தில் துண்டித்துவிட்டார் என்றுதானே நினைத்தாய்? அதனால்தானே மூன்று கிழமையாக என்னோடு ஒற்றைச் சொல்லில் பேசுகிறாய்? உன் குரல் சோர்ந்திருந்தது எனக்கும் விளங்கியது. கார்ட் வாங்காததற்குக் கோபம் என்று நான் நினைத்தேன், மடையன்.

என் பொய்யைச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். இனி நீ சொல்ல வந்ததை மறுபடி சொல். வேலையை நீ விட்டாயோ, அவர்கள் நிறுத்தினார்களோ, இன்னும் தூரத்துக்கு மாற்றினார்களோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஊருக்கு வர வேண்டுமென்றால் வா, உன் கட்டிலில் இருக்கிற மிளகு மூட்டைகளை ஒரே மணித்தியாலத்தில் அப்புறப்படுத்தலாம். அங்கேயே இருந்து வேறு வேலை தேடுகிறாய் என்றால் அதற்கும் துஆச் செய்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, பஸ்லினாவைக் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டு, அவள் பயந்த பிள்ளை. கறித்தூள் வருகிற பையைப் பார், அதுதான் அந்த உறை, உம்மா வெட்டிப் பையாகத் தைத்துவிட்டாள். லேஸை மட்டும் பிடிவாதமாக விடவில்லை.

அல்லாஹ் உன் உழைப்பிலும் ரிஸ்கிலும் மன நிம்மதியிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன். ஞாபகம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு லொறியை ஸ்டார்ட் பண்ணிக் காத்திருப்பேன், பெட்டி திறந்தபடி இருக்கும், ஹோனும் அடிக்க மாட்டேன். என் வேலை போன நாளில் நீ என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒரு ஸ்டியரிங்கைத்தான் கையில் தந்தாய். உன் வாப்பா நானும் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். நீ முன்னால் ஓடு, நான் பின்னால் வருகிறேன்.

உன் அன்பு வாப்பா,
முஹைதீன்