கீழே வைத்த தாழ்ப்பாள்

மார்ச் 3

அக்காவுக்கு,

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். போனில் நான் கத்துகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் இனி கடிதம்தான் என்று உத்தரவு போட்டாய். இதோ, கத்தாமல் எழுதுகிறேன்.

'யாரும் திரும்பிப் பார்க்காத நகரம்' என்கிற உன் புத்தகத்துக்காக நீ போகச் சொன்ன இடங்களுக்கெல்லாம் போய்விட்டு வந்தேன். ஓடாத மணிக்கூண்டுக்குள் முழங்கால் உயரத்துக்குப் புறா எச்சம். சுழல் படிக்கட்டில் யாரோ ஒன்றுக்குப் போய் வைத்திருக்கிறார்கள். மறைந்திருக்கும் அழகாம்! மறைந்தே இருந்து தொலைக்கட்டும்.

கடைசியாக, நீ அட்டைப்படமாகப் போடப்போகிற காதல் கதவு. நகைக்கடைத் தெருவின் பின்சந்து, பழைய மாடிவீட்டின் பின்சுவர், தரையை ஒட்டி ஒரு நாய் நுழைகிற அளவு. இப்போது அந்த வீடு காபிக் கடை. கதவுக்கு ரோஸ் பெயிண்ட் அடித்துப் பக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள்: 'இளவரசி தன் காதலனுக்கு இதன் வழியாகத்தான் கடிதம் கொடுத்தாள்.' ஜோடி ஜோடியாக வருகிறார்கள், குனிகிறார்கள், கதவுக்கு முத்தம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் கண்ணெதிரே ஒரு பெண் உதட்டுச் சாயம் ஒட்ட ஒட்டக் கொடுத்தாள்.

நான் பாதாளச் சாக்கடைக்குள் கேமரா விட்டு அடைப்புத் தேடுகிற எஞ்சினியர். நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று கேள்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. எந்த இளவரசி தன் ரகசியக் கதவுக்குத் தெருப்பக்கம் தாழ்ப்பாள் வைப்பாள்? பெயிண்டைச் சுரண்டி, எண்ணெய் விட்டுத் திறந்தேன். உள்ளே ஒரு வாளி வைக்கிற அளவுக்குக் கல் மேடை. நேர் மேலே ஒரு வட்ட ஓட்டை, பிற்காலத்தில் செங்கல் வைத்து அடைத்தது. அக்கா, அது கக்கூஸ். குழாய் வராத காலத்தில் வீட்டுக்காரர்கள் மேலே உட்கார்ந்தார்கள். வேறு யாரோ சந்து வழியாக வந்து, இந்தக் கதவைத் திறந்து, நிறைந்த வாளியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. தாழ்ப்பாளைக் கதவின் அடியில், தரையோடு தரையாக வைத்திருக்கிறான். கையால் திறக்க மண்டி போட வேண்டும். எந்த மடையன் வேலை?

அதைவிடப் பெரிய மடையன், இந்த இளவரசிக் கதையைக் கிளப்பியவன். யாரென்று தெரிந்தால் சொல். அவன் வாயைக் கழுவ வேண்டும்.

அப்பா இன்னும் குளியலறைக் கதவைக் காலால் தட்டித்தான் திறக்கிறார். அடிப்பக்கம் பெயர்ந்தேவிட்டது. நீ சொன்னாலாவது கேட்பாரா?

மூக்கைப் பொத்தியபடி,
தம்பி

*

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

அந்த மடையன் நம் அப்பா.

நீ பிறந்த அன்று, உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அவசரமாக அந்தக் குறுக்குவழியில் போனோம். அந்தச் சந்துக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எப்போதும் சுற்றிக்கொண்டுதான் போவார். "என்னப்பா குட்டிக் கதவு?" என்று கேட்டேன். நின்றார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இளவரசி கதையைச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். பெரியவளானதும் பத்திரிகையில் எழுதினேன். அதைப் படித்துத்தான் காபிக் கடைக்காரர் பலகை வைத்தார்.

அவர் என்னிடம் சொன்ன ஒரே கதை அது. என் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அது. மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. உனக்கு எங்கே போனாலும் நாற்றம் மட்டும்தான் தெரியும், அது உன் பிழைப்பு. அப்பாவிடம் இதைப் பற்றி வாயைத் திறந்தாயானால், அதற்குப் பிறகு உன் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன்.

அக்கா

*

மார்ச் 18

அக்காவுக்கு,

கேட்டுவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

சாப்பிடும்போது, நீ அனுப்பியிருந்த முதல் அத்தியாயத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இளவரசி வந்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு. "இன்னுமா அதை நம்பிட்டிருக்கா?" என்றார். "நிஜமா அது என்ன கதவுப்பா?" என்றேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "வா. காட்டு."

சந்தில் காபிக் கடைப் பெண் ஓடி வந்தாள். "தாத்தா, கதவுக்கு முத்தம் குடுங்க, படம் எடுக்கறேன். நெனச்சது நடக்கும்."

"ஏற்கெனவே நடந்துடுச்சும்மா. என் பையன் இதையெல்லாம் கையால தொடாம இப்ப டிவியில பாக்குறான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா கதவருகே போனார். குனியவில்லை. செருப்புக் காலை நீட்டி, கட்டைவிரலால் ஒரு தட்டு. தாழ்ப்பாள் விலகிக் கதவு திறந்தது. நான் அவருக்குத் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை, அக்கா.

"ஒரு கையில காலி வாளி, இன்னொரு கையில துடைப்பம். எந்தக் கையால திறக்கறது?" என்றார்.

"எவ்வளவு நாள்பா?"

"மீசை முளைக்கிற வரைக்கும். அப்புறம் பஸ் பட்டறையில சேத்துக்கிட்டாங்க." கொஞ்சம் கழித்து, "நாம உள்ள கையை விடறப்பவே சில பேர் மேல வந்து உக்காருவாங்க. குரல் குடுக்கக் கூடாது. குடுத்தா வீட்டுக்காரம்மாவுக்கு அருவருப்பா இருக்குமாம்" என்றார்.

எனக்கும் அருவருப்பாக இருந்தது. வாளியை நினைத்து அல்ல. மேலே உட்கார்ந்தவர்களை நினைத்து. கடைப் பெண் காபி கொண்டுவந்தாள். என்னால் தொட முடியவில்லை. அப்பா குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார்.

"அக்காகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"புதுத் தம்பியைப் பாக்கப் போற குழந்தைடா அது. நடுச்சந்துல நிக்க வச்சு, உங்கப்பன் இதைத்தான் தூக்குனான்னு சொல்லச் சொல்றியா?" திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டுச் சொன்னார்: "இப்ப வேணும்னா எழுதட்டும். என் பேரு வேண்டாம். தாழ்ப்பாள் எங்க இருக்கு, ஏன் இருக்குன்னு மட்டும் சரியா எழுதச் சொல்லு."

சொல்லிவிட்டேன். இனி உன் பாடு.

தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

பிரித்துவிட்டேன். மூன்று தடவை படித்தும்விட்டேன்.

முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன். அட்டையில் அதே கதவுதான். ஆனால் தாழ்ப்பாளை மட்டும் கிட்டப்போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. காபிக் கடைக்காரர் பலகையை எடுக்கமாட்டாராம். "உண்மை தெரிஞ்சா எவன் முத்தம் குடுப்பான், எவன் காபி குடிப்பான்?" என்கிறார். இருக்கட்டும். அவர் பலகை அவருக்கு, என் புத்தகம் எனக்கு.

உனக்கு ஒன்று தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் உன் அத்தானும் அந்தக் கதவுக்கு முத்தம் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறோம். உன் கடிதம் வந்த அன்று முழுக்க வாயைக் கழுவிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது: அன்று என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது எந்தக் கை என்று. கழுவுவதை நிறுத்திவிட்டேன்.

குளியலறைக் கதவு போனால் போகிறது, புதிதாகப் போடு. அப்பாவை ஒன்றும் சொல்லாதே.

உன் அக்கா