வாய்க்கால் சான்றில் அவர் கையெழுத்து

ஆனி 9, திங்கள் இரவு

காலையில் ஒரு டிவி நிருபர் வந்து ஒரு தாளை நீட்டினாள். எங்கள் வாய்க்காலைத் தூர்வாரி முடித்ததாகப் பாசன சங்கத் தலைவர் கொடுத்த சான்று. சென்ற மாதத் தேதி. கீழே, அப்போது தலைவராயிருந்த என் கணவரின் கையெழுத்து. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. வாய்க்காலில் இன்னும் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது.

"உங்க வார்டு கவுன்சிலர் பில் பணம் எடுக்கச் செஞ்ச போலிதானேம்மா இது?"

"போலிதான்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். கான்வென்ட் நாளிலிருந்து பொய் சொல்லாதவள் நான்.

அது அவர் கையெழுத்தேதான். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையால் போட்டது; கடைசி எழுத்து கீழே சரிந்திருக்கிறது. சங்க வேலைக்கு அலைய முடியாமல், எழுதாத தாள்களில் கையெழுத்திட்டுக் கவுன்சிலரிடம் மொத்தமாகக் கொடுத்தார். தாள் நகராமல் பிடித்துக்கொண்டது நான்.

மாலைச் செய்தி முடிந்ததும் கவுன்சிலர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"டிவியில நல்லாப் பேசுனீங்கம்மா. பசங்க தேதியில தப்புப் பண்ணிட்டானுங்க. ஐயா கையெழுத்து போட்ட தாள் இன்னும் பதினொண்ணு பத்திரமா இருக்கு. இனிமே பழைய தேதியே போட்டுடுறோம். நீங்க திரும்பவும் டிவிக்குப் போனீங்கன்னா, ஐயாவே பதில் எழுதுவாங்க."

நாற்பத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தேன். என்னைப் பற்றி அவர் என்ன எழுதுவார் என்று தெரியவில்லை.