வெந்நீர் தெளித்த வாசல்

டிச. 9, செவ்வாய். திருச்சானூர்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த சேலை இரண்டும் ஈரம். அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தால் கனடா போய்ச் சேருவதற்குள் நாறிவிடும்.

லாட்ஜில் இன்றோடு கடைசி டியூட்டி, அப்புறம் இரண்டு மாதம் லீவு. இருபத்திரண்டு வருஷமாக அதே ரிசப்ஷன் கவுண்டர், அதே பாட்டு. "பைய பத்திரமா வச்சுக்குங்க. தெரியாதவங்களுக்குக் கதவத் தெறக்காதீங்க. ஐடி ப்ரூஃப் குடுங்க." தமிழில், தெலுங்கில், அரைகுறை இந்தியில். நாளை மறுநாள் நானே டூரிஸ்ட். ஹேமாவைப் பார்க்கப் போகிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூஸ் ஜா என்று ஒரு சின்ன ஊர், சுற்றிலும் கோதுமை வயல், இப்போது எல்லாம் பனியாம். மகளைத் தொட்டுப் பார்த்து நாலு வருஷம்.

பெட்டியில்: புளிக்காய்ச்சல், கருவேப்பிலைப் பொடி, சூட்கேஸ் சங்கிலி, பூட்டு 2, கோலத்துக்கு அரிசிமாவு 1 கிலோ, விசில். விசில் என் வீட்டுக்காரர் யோசனை. இவர் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் சாவியோடு தொங்கிக்கொண்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்.

"கரடி வந்தா ஊது."

"கரடி அந்தப் பக்கம் இல்லியாம். ஹேமா சொல்லிச்சு."

"இல்லாத எடத்துல தான்மே திடீர்னு வரும். வச்சுக்க."

டிச. 12, வெள்ளி. மூஸ் ஜா

வெயில் பளீர். மைனஸ் 24. வெயிலுக்கும் சூட்டுக்கும் இங்கே பேச்சுவார்த்தை கிடையாது போல.

ஏர்போர்ட் கதவு திறந்ததும் மூச்சு இழுத்தேன், மூக்குக்குள் முடியெல்லாம் விறைத்தது. ஹேமா கட்டிப்பிடித்தாள். இளைத்திருக்கிறாள். இல்லை என்கிறாள். இளைத்துத்தான் இருக்கிறாள்.

பிரிட்ஜ் கதவில் எனக்கு ரூல்ஸ் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

1. தனியா வெளியே போகக் கூடாது.
2. போனா தொப்பி, மப்ளர், ரெண்டு சாக்ஸ், போன் ஃபுல் சார்ஜ், பாஸ்போர்ட்.
3. ஐஸ் மேல வாத்து மாதிரி நடக்கணும். சின்னச் சின்ன அடி.
4. காது மரத்துப் போனா உடனே உள்ள வரணும். தேய்க்கக் கூடாது.

இன்னும் ஐந்து இருக்கின்றன. கண்ணாடி எங்கே வைத்தேன் தெரியவில்லை, படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஜாக்கிரதை சொல்கிறவளுக்கே ஜாக்கிரதையா.

டிச. 13, சனி

மைனஸ் 26. ஹேமா டியூட்டிக்குப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு வாசலில் சர்க் சர்க் என்று சத்தம். ஜன்னலில் பார்த்தால், முகமெல்லாம் துணி சுற்றிய ஒரு ஆள், கையில் பெரிய மண்வாரி. பெல் வேறு அடித்தார். கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வாயே பேசிவிட்டது. "ஐடி ப்ரூஃப் ப்ளீஸ்."

ஆள் கையுறையைக் கழற்றி, பர்ஸைத் துழாவி, டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கதவுக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார். பெயர் வால்டர். பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டேன், எழுபத்தொன்பது. போட்டோவோடு ஒத்துப் பார்க்க முகம் தெரியவில்லை. "மாஸ்க், சார்" என்று சைகை காட்டினேன். அந்தக் குளிரில் மப்ளரை இறக்கிக் காட்டினார், பாவம். மூக்கு தக்காளிப்பழம். அப்புறம்தான் திறந்தேன். ஹேமாவின் பெயருக்கு வந்த பார்சல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஹேமா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யம்மா! பக்கத்து வூட்டு வால்டர்மா அவரு. தெனம் நம்ம வாசல்ல பனி வாரிப் போடறவரு. காசு குடுத்தாலும் வாங்க மாட்டாரு. அவராண்ட போயி ஆதார் கேட்டியா?"

"ஆதார் எதுக்குடி கேக்கறேன். அவரே லைசென்ஸ் காட்டினாரு."

டிச. 14, ஞாயிறு

ஹேமாவோடு ஊர் சுற்றல். காரின் மூக்கில் ஒரு ஒயர் தொங்குகிறது. ராத்திரி அதைப் பிளக்கில் மாட்டாவிட்டால் காலையில் எஞ்சின் எழுந்திருக்காதாம். டிக்கியில் போர்வை, மெழுகுவத்தி, சாக்லேட், சின்ன மண்வாரி. ஹைவேயில் வண்டி நின்றுவிட்டால் இறங்கி நடக்கவே கூடாது, உள்ளேயே உட்கார்ந்திருக்கணும். மூன்று தடவை சொன்னாள். சாக்லேட்டில் பாதி நான் அங்கேயே சாப்பிட்டுவிட்டேன். திட்டு.

ரோடு தாண்ட நின்றேன். ஒரு கார் நின்றது. நீ போப்பா என்று கை காட்டினேன். அந்த ஆள் நீங்க போங்க என்றார். நான் மறுபடி. அவர் மறுபடி. பின்னால் இன்னும் மூன்று வண்டி, ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரே முப்பது வருஷம் ரோடு தாண்டியவளுக்கு இந்த மரியாதையில்தான் கால் ஓடவில்லை.

ஹேமா சொன்னது: "பனி பயமில்லம்மா, கண்ணுக்குத் தெரியும். ஐஸ் தான் தெரியாது. தரை மாதிரியே இருந்துகினு ஆளச் சாச்சுடும்."

தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

டிச. 16, செவ்வாய். மார்கழி 1

இன்று எழுத்து கோணல்.

ஐந்துக்கே முழிப்பு. ஆறரைக்கு ஹேமா பின்பக்கக் கதவு வழியாகக் காரில் போய்விட்டாள். மார்கழி முதல் நாள், என் மகள் வீட்டு வாசல் வெறிச்சென்று கிடப்பதா? மனசு கேட்கவில்லை. பச்சைத் தண்ணீர் தெளித்தால் உறைந்துவிடும் என்று தெரியாத அளவு முட்டாள் இல்லை நான். அதனால் வெந்நீர். அரை பக்கெட். என் மூளை அவ்வளவுதான்.

வீசினேன். குப்பென்று ஆவி. பார்க்க அழகாகவே இருந்தது. ஏழு புள்ளி வைத்து, கை மரத்துப்போய், இழுத்த மட்டும் போதுமென்று போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். பஜனைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு காபி போட்டேன். பெருமை வேறு.

எட்டு மணிக்குத் தொம்மென்று சத்தம்.

வால்டர் சார் எங்கள் வாசல்படியில் மல்லாந்து கிடந்தார். வெறும் சாக்ஸோடு ஓடினேன். நானும் வழுக்கி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தபடி. "ஆர் யூ ஓகே?" என்று அவர் என்னைக் கேட்கிறார். விழுந்த மனுஷன் என்னைக் கேட்கிறார்!

ஹேமாவுக்குப் போன். ஓடி வந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. கோலம், ஐஸ், எல்லாம் மூடிவிட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிச. 17, புதன்

மேகமூட்டம். மைனஸ் 19.

எலும்பு முறியவில்லை, வெங்கடேசா. கணுக்கால் பிசகு. ஒரு வாரம் ஊன்றக் கூடாது.

ரசம் வைத்து வால்டர் சாருக்கு ஹேமாவிடம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவள் முகம் தொங்கியிருந்தது.

"ஓரத்த சரியா வாராம வுட்டுட்டேன், கண்ணு தெரியல, காலும் நிக்கலன்னு அவரே சொல்லிக்கினு கீறாருமா. பொண்ணு கேல்கரில கீது. வூட்ட வித்துட்டு முதியோர் இல்லத்துக்குப் போன்னு ரெண்டு வருசமா சண்டை. இவரு மாட்டவே மாட்டேன்னாரு. இன்னிக்கு போன்ல, நீ சொல்றதுதான் சரின்னுட்டாராம்."

"அப்படியா" என்றேன். கரண்டியைக் கழுவினேன். கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினேன். வெட்கம். இங்கே எழுதவே வெட்கம். சொன்னால் ஹேமா என்னைப் பிளேன் ஏற்றிவிடுவாள் என்று பயம். வாடகை வீடு, போலீஸ், கேஸ் என்று வேறு என்னென்னவோ. ஆனால் உண்மையான காரணம் அதெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்குப் புத்தி சொன்ன வாய் இது.

இவர் போன் செய்தார். ஹேமா எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"கோலம் ஷோக்கா கீது. ஆமா, அதுல தானே அந்தாளு வுழுந்தாரு?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"நுவ்வு செப்பலேதா?" நீ சொல்லலியா என்கிறார். தெலுங்குக்கு மாறினால் கோபம் என்று அர்த்தம். "நீ வாயத் தெறக்காததால ஒரு மனுசன் வூட்ட வித்துப்புடுவாருமே. போயி சொல்லு."

டிச. 18, வியாழன்

ரூல் நம்பர் 1 காலி. தனியாக வெளியே போனேன்.

தொப்பி, மப்ளர், ரெண்டு சாக்ஸ், பாஸ்போர்ட், கழுத்தில் விசில். வாத்து நடை. பக்கத்து வீடுதான், புத்தூருக்கு நடந்து போன மாதிரி இருந்தது. பெல் அடித்தேன். ஊன்றுகோலோடு நொண்டி வந்து திறந்தார். என்னிடம் ஐடி கேட்கவில்லை.

ஒத்திகை பார்த்துப் போன இங்கிலீஷ் அத்தனையும் மறந்துபோனது. "சார். யூ நோ மிஸ்டேக். மீ மிஸ்டேக். ஹாட் வாட்டர். ஐ போர்." போனில் கோலத்தின் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஊர்ல தினமும் இப்படித் தண்ணி ஊத்துவீங்களா?" அவர் கேட்டது இங்கிலீஷில்தான், எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"டெய்லி சார். ஃபார் காட்."

"வெந்நீரா?"

"நோ சார். இங்கே ஸ்பெஷல்."

சிரிக்க ஆரம்பித்தார். இருமும் வரை சிரித்தார். அந்தக் காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாட இவரே பின்புறத்தில் ஐஸ் தளம் போடுவாராம். அதற்கு வெந்நீர்தான் ஊற்றுவார்களாம், அப்போதுதான் கண்ணாடி மாதிரி வழவழப்பாக உறையுமாம். "நான் போட்டதைவிட நல்லாப் போட்டுருக்கே" என்றார்.

அப்புறம் சிரிப்பு நின்றது. "அப்போ நான் ஓரத்தை ஒழுங்காத்தான் வாரியிருக்கேன்?"

"யெஸ் சார். வெரி க்ளீன். அதனாலதான் கோலமே போட முடிஞ்சுது."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். என் எதிரிலேயே மகளுக்குப் போன் போட்டு, வீடு விற்கப் போவதில்லை, இந்தியாவிலிருந்து வந்த ஒரு அம்மா படியில் ஐஸ் போட்டுவிட்டாள் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். மப்ளரில் மூக்கைத் துடைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் அது விறைத்துவிட்டது.

டிச. 19, வெள்ளி

ராத்திரியே ஹேமாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் அர்ச்சனை.

"நீ டூரிஸ்டாச்சே, பத்திரமா இருக்கணுமேன்னு உனக்கு ரூல்ஸ் எழுதினேன் பாரு. ஊர்க்காரங்களுக்கு இல்ல எழுதி ஒட்டியிருக்கணும், எங்கம்மா வர்றா ஜாக்கிரதைன்னு!"

அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிரிட்ஜில் புது ரூல், சிவப்பு மையில்: 10. வெளியே ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. வெந்நீர் உள்பட.

இன்று முதல் இரண்டு வாசலிலும் பனி வாருவது நான். முதுகு பிடித்துக்கொண்டது. வால்டர் சார் ஜன்னலில் நின்று அதைச் சரியாகப் பிடி, முழங்காலை மடக்கு என்று சைகை. அவர் கராஜில் ஒரு பக்கெட் செம்மண் நிறத்தில் மணல். ஐஸ் மேல் தூவினால் கால் பிடிக்குமாம். அள்ளித் தூவினேன். நாலு பிடி வெறுமனே தூவினேன், அவ்வளவுதான் முடிந்தது. ஐந்தாவது பிடி விரல் வழியே கோலக் கம்பியாக இறங்கிவிட்டது. கை கேட்டால்தானே. வெள்ளைப் பனியில் சிவப்புக் கோடு, அரிசிமாவைவிட எடுப்பு.

டிச. 22, திங்கள்

மைனஸ் 21, காற்று வேறு.

வால்டர் சார் கால் வீக்கம் வற்றிவிட்டது, ஹேமா பார்த்துச் சொன்னாள். ஆனால் வெளியே வரமாட்டேன் என்கிறார். தினம் பத்து மணிக்குக் கடைத்தெருவில் நண்பர்களோடு காபியாம், ஆறு நாளாகப் போகவில்லை. கதவைத் திறந்து படியைப் பார்க்கிறார், மூடிவிடுகிறார். இரண்டு தடவை பார்த்தேன். தப்பு என்னுடையது என்று காதால் கேட்டுவிட்டார். காலுக்கு அது தெரியவில்லை.

இவருக்குப் போனில் சொன்னேன். "இஸ்துக்கினு வாயேன்" என்கிறார். ஷேர் ஆட்டோவில் ஆளை ஏற்றுகிற மாதிரி.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

டிச. 24, புதன்

வெயில். மைனஸ் 20.

ஆறு மணியிலிருந்து வேலை. வால்டர் சார் வீட்டுப் படி, படியிலிருந்து கேட், கேட்டிலிருந்து ரோடு வரை வாரினேன். மணல் பக்கெட் காலி. ஓரங்களில் ஒரு இடம் விடவில்லை. படியில் பதினொரு புள்ளி, நடைபாதை நெடுக வளையம் வளையமாகக் கம்பி. நான் மேலே ஏறி நின்று குதித்தும் பார்த்தேன், அம்பத்தேழு வயசில். வழுக்கவில்லை.

பத்தாக ஐந்து நிமிஷம். கதவு திறந்தது. கோட்டு, தொப்பி, ஊன்றுகோல். வாசல்படியில் நின்றுவிட்டார். கீழே பார்த்தார்.

"தண்ணி?"

"நோ வாட்டர் சார். சேண்ட் ஒன்லி."

"வெந்நீரும் இல்லையே?"

"காட் ப்ராமிஸ்."

கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐடி ப்ரூஃப் ப்ளீஸ்."

கோட்டுப் பையில் பாஸ்போர்ட் இருந்தது, ரூல் நம்பர் 2. எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பெயர், ஊர் எல்லாம் நிதானமாகப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"மாஸ்க், மேடம்."

மப்ளரை இறக்கினேன். மூக்கு விறைத்தது. நன்றாகப் பார்த்து முடித்து, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, கோலத்தின் மேல் காலை வைத்தார்.