அத்தை போட்ட ஐந்து ஸ்டார்

ஜூலை 8, செவ்வாய்

மழை. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமே நனைஞ்சு கிடக்கு. இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததுக்கு மன்னிச்சுக்கோ இனியா, ஃபோன் வெளிச்சம் உன் முகத்துல படுது. தூங்குற மூணு வயசுப் பிள்ளைகிட்ட மன்னிப்பு. வீட்டுல யாரும் முழிச்சிருக்கல.

இன்னிக்கு ஒரே ஒரு டிரைவிங் பாடம். ஸ்டெல்லா, பக்கத்து ஊர் பாபகூரா. ரவுண்டபவுட் தெரிஞ்சாலே ஜெபம் ஆரம்பிச்சிடுற ஆள். ஆனா இன்னிக்கு நல்லாவே ஓட்டினாங்க. இறங்கும்போது சொன்னது: “என் தங்கச்சிக்கு உங்க நம்பர் அனுப்பலாம்னு மேப்புல தேடினேன். காணோமே. மூடிட்டீங்களா?”

மூடல.

வீட்டுக்கு வந்து தேடினேன். ‘வாணி டிரைவிங்’. இல்லை. ‘பெண் டிரைவிங் டீச்சர் தகனினி’. வேற யார் யாரோ வர்றாங்க. நான் இல்லை. மெயிலில் தேவையில்லாததெல்லாம் போய் விழுற பெட்டியில மேப் கம்பெனியோட ஒரு அறிவிப்பு: விதி மீறல், உங்கள் பக்கம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. என்ன மீறல்? சொல்லல.

அதான் ஃபோன் அடிக்கல. ஸ்கூல் லீவு, அதான்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

மாசக் கடைசியில சொல்லணும், ரெண்டு பக்கமும் பிரேக் வெச்ச அந்த வாடகைக் காரை வெச்சுக்கிறேனா, திருப்பித் தர்றேனான்னு. திருப்பினா மறுபடியும் பேக்கிங் கம்பெனி நைட் ஷிஃப்ட். போன வருஷம் இனியா நடு ராத்திரி எழுந்து என் தலையணையைத் தூக்கிக்கிட்டு வாசல் கதவுகிட்ட உட்கார்ந்திருந்தா. வீட்டுக்காரர் சுரேன் போட்டோ எடுத்து அனுப்பினார், அழகா இருக்குன்னு.

பக்கம் போனதை அவர்கிட்ட இன்னும் சொல்லல.

வாங்க வேண்டியது: பால். நாப்பி. இருமல் மருந்து.

ஜூலை 9, புதன்

மழை விட்டு விட்டு. மவுண்ட் ஆல்பர்ட் போனேன், அபிராமி அக்கா வீடு. கோயில்ல பழக்கம். சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் பார்த்துக் கொடுக்குறவங்க, சொந்த ஊர் யாழ்ப்பாணம். பழைய மரவீடு, நடந்தா தரை முனகுது. இனியா அதுக்காகவே ஓடினா.

“பதறாதையும். முதல்ல தேத்தண்ணி குடியும்” என்றாங்க.

குறிச்சுக்கிட்டது:

— ஒரு இடத்துல பழைய பாபகூரா விலாசம், இன்னொரு இடத்துல இப்போ இருக்குற தகனினி. பேர், விலாசம், நம்பர் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி இருக்கணும். மாத்து.

— பக்கத்தோட தலைப்பு. நான் இங்கிலீஷ்ல ‘நம்பிக்கையின் பாதை’ன்னு போட்டிருந்தேன். பெருமையா வேற. அக்கா: “உந்தத் தலைப்பை ஆர் தேடுவினம்? பயந்துபோய் இருக்கிற பொம்பிளை என்னத்தை டைப் பண்ணுவா?” ஸ்டெல்லா என்னைக் கண்டுபிடிச்சது ‘கத்தாத டீச்சர்’னு தேடித்தான். அவங்க வீட்டுக்காரர் சொல்லிக் கொடுக்கும்போது தெருவுக்கே கேக்குமாம். “ஓம், அதைத்தான் போடவேணும்.”

— தேடுனா மேல வர நூத்துக்கணக்கில் லிங்க் தர்றேன்னு மெயில் போடுற ஆள்: தொடக் கூடாது. இனியா போற பிளேகுரூப் வெப்சைட்டுல ஒரு லிங்க், கோயில் செய்தி மடல்ல ஒண்ணு கேளு. போதும்.

இதெல்லாம் சின்ன விஷயம். அப்புறம்தான் கேட்டாங்க, “கடைசியா புதுசா என்ன நடந்தது?”

நிறைய ரிவியூ வந்துச்சு, என்றேன்.

“ஆர் போட்டது?”

சுரேன் குடும்ப வாட்ஸ்அப் குழுவுல கேட்டிருந்தார், வாணிக்கு எல்லாரும் ஃபைவ் ஸ்டார் போடுங்கன்னு. எல்லாரும் போட்டாங்க. ஒரே ராத்திரியில. எல்லாரும் வெளிநாட்டுல: கிள்ளான், ஈப்போ, சிங்கப்பூர்.

“கிள்ளான் பெரியப்பா தகனினிக்கு வந்து கார் பழகினவரோ?”

பெரியப்பா எழுதினது ‘நல்ல பிள்ளை, பெரியவங்களுக்கு மரியாதை கொடுக்கும்’. அக்கா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

செய்ய வேண்டியது: ஒவ்வொருத்தரும் அவங்கவங்க போட்டதை அழிக்கணும். எல்லாம் அழிஞ்ச பிறகு, நடந்ததை நடந்த மாதிரியே எழுதி மனு. “ஒருக்கா மறுத்தாங்களெண்டால் பிறகு கஷ்டம். ஒண்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது.”

ஜூலை 10, வியாழன்

வெயில், ஆனா குளிர். துணி காயல.

சுரேன்கிட்ட சொல்லியாச்சு. வேலை முடிஞ்சு மோட்டர்வே நெரிசல்ல வந்த ஆளு, ஷூவைக்கூடக் கழட்டல. “உனக்கு நல்லது பண்ணத்தானே கேட்டேன்?” தெரியும். அதான் கோபப்படக்கூட முடியல.

அவரே குழுவுல எழுதினார். பதில்கள்:

பெரியப்பா: “ஃபைவ் ஸ்டார் பத்தலையா லா?”

சிங்கப்பூர் கொழுந்தன்: “அண்ணி, நான் ஒன் ஸ்டாரா மாத்திடவா, நம்புற மாதிரி இருக்கும்.”

ராத்திரிக்குள்ள எல்லாரும் அழிச்சிட்டாங்க. பெரியப்பாவுக்கு மனசு வரல, அவர் மக ஃபோனைப் பிடுங்கி அழிச்சாளாம். பாக்கி ஒரே ஆள். ஈப்போ அத்தை. சுரேனோட அம்மா.

மெசேஜைப் பார்த்துட்டாங்க. அழிக்கல.

நான் கம்பெனியை விட்டு இந்த வேலை ஆரம்பிச்சப்போ அவங்க சொன்னது, “டிகிரி படிச்சிட்டுக் காடி ஓட்டிப் பொழைக்கிறதா?” காடின்னா அவங்க பேச்சுல கார். அதுக்கப்புறம் பேச்செல்லாம் மகன்கிட்டயும் பேத்திகிட்டயும்தான். “பசியாறியாச்சா இனியா?” “யெஸ் பாட்டி, டோஸ்ட்.” என்னைக் கேக்குறதில்ல.

சாப்பிடல.

ஜூலை 11, வெள்ளி

ஃபோன் ஒரு தடவை அடிச்சது. ஓடிப் போய் எடுத்தேன். கரண்ட் கம்பெனியை மாத்தச் சொல்லி யாரோ. இனியா தலையை ஆட்டினா, “நாட் எ ஸ்டூடன்ட், மம்மா.”

சாயங்காலம் அத்தைகிட்டேருந்து எனக்கே ஒரு படம் வந்தது. குழுவுல இல்ல, எனக்கு. அவங்க எழுதின ரிவியூ. எல்லாத்தையும் போல ஒரு வரி புகழ்ச்சின்னு நெனச்சு இதுவரைக்கும் திறந்துகூடப் பார்க்கல. அப்படியே எழுதி வெக்கிறேன்:

‘என் மருமகள் ஓட்டும்போது நான் தூங்கிவிட்டேன். நான் யார் காடியிலும் தூங்க மாட்டேன்.’

மாமா, சுரேனோட அப்பா, போனது சாலை விபத்துல. அதிலேருந்து அம்மா எந்த வண்டியிலும் கண்ணை மூட மாட்டாங்கன்னு சுரேன் ஒருதரம் சொல்லியிருக்கார். போன வருஷம் வந்தப்போ ஏர்போர்ட்லேருந்து வீடு வரைக்கும் நான்தான் ஓட்டினேன். பின் சீட்டுல கண்ணை மூடிக்கிட்டே வந்தாங்க. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி பாத்ரூம்ல போய் அழுதேன்.

படத்துக்குக் கீழ வாய்ஸ் மெசேஜ். “இதுல என்னா பொய் இருக்கு? தூங்கினேன்தானே? மத்தவங்க வராமயே எழுதினாங்க, அழிக்கட்டும். நான் ஏன் அழிக்கணும்?”

அக்காவுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், இது ஒண்ணை மட்டும் விடலாமா. அவங்க சொன்னது: “உண்மைதான் வாணி. ஆனா வீட்டு ஆள். அவையளுக்கு மறுக்க அது போதும்.”

சுரேன்: “நான் அம்மாகிட்ட பேசவா?”

வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 12, சனி

காத்து. வேலிப் பலகை ஆடுது. அடுத்த வாரம் பாடம் எதுவும் இல்ல.

மனு தயார். அத்தைக்குத்தான் எழுத வரல. நாலு தடவை எழுதி அழிச்சேன். இதைத்தான் அனுப்பினேன்:

அத்தை, நீங்க எழுதினதுல பொய் இல்ல. நீங்க தூங்கினது எனக்கு அப்போ தெரியல, கோவமா இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன். என்னைப் பத்தி யாரும் இப்படி எழுதினதில்ல. ஆனா வீட்டு ஆளுங்க எழுதக் கூடாதுன்னு மேப்புக்காரங்க விதி. நீங்க அழிச்சாத்தான் நான் மனு போட முடியும், இல்லன்னா திரும்பவும் நைட் ஷிஃப்ட்தான். நான் கேக்குறது தப்புன்னா ஏசுங்க. ஆனா சுரேனைக் கூப்பிட்டு இல்ல, என்னைக் கூப்பிட்டு ஏசுங்க. சீக்கிரம் பதில் போடுங்க அத்தை.