சிவப்புக் கோழி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா? இங்கே சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டி என் கையைக் கொஞ்சம் பதம் பார்த்தது. ஆறிவிட்டது, கவலை வேண்டாம்.

உங்களிடம் போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். என்னிடம் இருந்தவரை ராத்திரி முழுக்க அலறிய பிள்ளைகள், உங்கள் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்டுக்குத் தழை போடுகிறார்கள், வயிறாரச் சாப்பிடுகிறார்கள், படுத்ததும் தூங்குகிறார்கள். சந்தோஷம்தான். எனக்குத்தான் அவர்களை அப்படி வளர்க்கக் கைவரவில்லை.

ஒருவழியாக லீவு கிடைத்தது. சின்னவனிடம் போனில், "அம்மா வரேன்டா" என்றேன்.

"வேணாம்மா. விருந்தாளி வந்தா தாத்தா கோழி அடிப்பாரு. இப்ப என்னோட சிவப்புக் கோழி மட்டும்தான் இருக்கு."

விருந்தாளி! பெற்றவளுக்கு நல்ல பட்டம். நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தால் உங்களோடு சண்டையாவது போட்டிருப்பேன். அவனாகவே சொன்னான்.

எனக்கென்று தனிப் பாய் விரிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறேன்.

வேலைக்குப் போகிற வேன் வந்துவிட்டது. சின்னவனிடம் சொல்லுங்கள், அம்மா கோழிக்கறியையே விட்டுவிட்டாளாம். இனி அவள் வரலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்