குதிகால் தேய்த்த ஓட்டை

ஆடி, செவ்வாய் இரவு

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. நாளை எங்கள் மோட்டார் படகு ஆற்றில் இறங்குகிறது. அவர் இல்லாமல் முதல் தடவை.

இன்று படகுக்குள் கார்பெட் மாற்றினோம். கார்பெட் போட வந்த உறையூர் பாய், பழையதைப் புதியதன் மேல் விரித்து, அதே அளவுக்கு வெட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஓட்டையையும் புதியதில் அப்படியே வெட்டிவிட்டார். ஏதோ குழாய்க்கு விட்டது என்று நினைத்தாராம்.

“அது எங்க வீட்டுக்காரர் குதிகால் பட்டுத் தேஞ்சது, பாய்.”

பாய் முகம் வாடிப்போயிற்று. “மன்னிச்சுக்கங்கம்மா. ஒட்டுப் போட்டுடுறேன். புது டிரைவருக்குக் கால் தடுக்கும்.”

“தடுக்கட்டும். விடுங்க.”

பாய் போனதும் அவர் சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. காலை நீட்டிப் பார்த்தேன்.

என் குதிகால் அந்த ஓட்டை வரை எட்டவில்லை.