வெள்ளிக்கிழமை மட்டும் அணையுற கம்ப்யூட்டர்

ஷார்ஜா, 2005

அன்புள்ள ரஃபியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கன நான் சுகம். நீயும் பிள்ளையும் அம்மாவும் சுகந்தான?

எனக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டுந்தான். ஜும்ஆ தொழுகைக்கு முன்னால நெட் கடையில உக்காந்து, உங்க மொகத்தப் பாக்கலாம்னு காத்துக் கெடந்தா, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்பவே அணைஞ்சிருது. மத்த நாள்ல கம்பத்துல இருந்து மெக்கானிக் வந்தா ஒழுங்கா ஓடுது. ரேமை மாத்தியாச்சு, மதர்போர்டையும் மாத்தியாச்சு. தூக்கிப் போட்டு உடைக்கலாம்போல வருது.

போன வாரம் போன்ல நீ “ஐயோ, அணைஞ்சிருச்சு”ன்னப்ப பின்னால மிக்ஸி சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் வெளங்குச்சு. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு அம்மா மசாலா அரைக்கிறாக, அதுவும் கம்ப்யூட்டர் மாட்டுன அதே பிளக் பாக்ஸுல! போன்ல சொன்னா பக்கத்துல நிக்கிற அம்மா சங்கடப்படுவாக, அதான் எழுதுறேன். அடுப்படிக்குத் தனியா ஒரு பிளக் போடச் சொல்லு. கேட்டாகன்னா கரண்டு மேல பழியப் போட்டுரு.

யாராச்சும் இங்கன வந்தா அம்மா அரைச்ச கறிமசாலாப் பொடி கொஞ்சம் குடுத்துவிடு.

ஸ்கிரீன் கறுத்ததும் பிள்ளை அதக் கைகாட்டி, அப்பன் நான்னு நெனச்சு “அத்தா”ங்குதுன்னு சொல்லிச் சிரிச்ச. எனக்குச் சிரிப்பு வரல ரஃபியா. வர்ற வெள்ளிக்குள்ள பிளக்கப் போட்டுரு.

கலீல்